முதல் ஓலைக்கு முந்தின நாள்

புருவத்தைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும், பிறகு யாரையோ முறைப்பதுபோல நெற்றியைச் சுருக்க வேண்டும், ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மருந்து தசையில் நன்றாகப் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொன்னாலும் சொன்னாள், எப்சிபா அத்தை அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டு, திருநெல்வேலியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து தூக்குவதும் இறக்குவதும் முறைப்பதுமாகவே வருகிறாள், பக்கத்து வரிசையில் மடியில் முறுக்கு டின்னை வைத்திருந்த அம்மாள் தன்னைத்தான் முறைக்கிறாள் என்று நினைத்து டின்னை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றிவிட்டாள், டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் "சில்லறைதான் சரியா குடுத்துட்டேனே, பெறகு என்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார், பெர்சிஸுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது, வந்ததை விழுங்கினாள், சிரிக்கக் கூடாது, நாலு நாளாக இந்த ஊசிக்கு எதிராக வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறவள் சிரித்தால் கட்சி மாறிவிட்ட மாதிரி ஆகிவிடும், யுனிவர்சிட்டியில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறவள், பட்டிமன்றம் என்றால் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயித்துவிட்டு வருகிறவள், சொந்த அத்தையிடம் தோற்றதோடு நில்லாமல் துணைக்கு வேறு வந்திருக்கிறாள், ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாளே, என்ன செய்ய, பிடித்துக்கொண்டாள், அத்தையின் விரல்கள் இவள் விரல்களை நசுக்கிய இடம் இன்னும் சிவந்துதான் கிடக்கிறது, கெட்டுப்போன டின் சாப்பாட்டில் விளைகிற விஷம் அத்தை அது, அதைத்தான் கொஞ்சூண்டு எடுத்து ஏத்துதாங்க, தசை செத்த மாதிரி கெடக்கும், சுருக்கம் விழாது, இதுக்கா காசு குடுத்து, என்று கட்டிலில் படுத்திருந்தவளின் காதருகே கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், அத்தை கண்ணைத் திறக்காமலே, "வெசமா இருந்தா இருக்கட்டும், ஹாஸ்டல் சாம்பார தின்னு வளந்த ஒடம்பு, தாங்கும்" என்றாள், நர்ஸ் சிரித்துவிட்டாள், அதற்குமேல் என்ன வாதம்.

சிரிக்காத ஒருத்தி அந்த டாக்டரம்மாதான், சிரித்திருப்பாளோ என்னவோ, தெரியவில்லை, அவள் முகத்தில் எதுவுமே தெரியவில்லை, கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி நெற்றி, வேலை முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே "வீட்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டாள், அத்தை வெட்கப்பட்டுக்கொண்டு "நாளைக்கு டாக்டர்" என்றாள், "நாளைக்கா?" என்று டாக்டரம்மாவின் குரல் மட்டும் தூக்கிக்கொண்டது, புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது, இது பேஷியல் மாதிரி இல்லம்மா, இன்னிக்குப் போட்டா நாளைக்குத் தெரியாது, நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் லேசா ஆரம்பிக்கும், முழுசா தெரிய ரெண்டு வாரம் ஆகும், முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றாள், யார் சொல்வது, கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் முந்தின நாள் போய் முகத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவதுதானே ஊர் வழக்கம், அத்தை இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துவிட்டாள், இவ்வளவு படித்த பெர்சிஸாவது கேட்டிருக்க வேண்டாமா, ஊசியின் வரலாறு, அரசியல், வியாபாரம் எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்தவள், எத்தனை நாளில் வேலை செய்யும் என்பதை மட்டும் கண்ணால் தாண்டிப் போயிருக்கிறாள், ஏனென்றால் அதை வைத்து வாதம் பண்ண முடியாது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு வேதக்கோயிலில் எப்சிபா அத்தைக்கு முதல் ஓலை. இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று சபைப் போதகரான ஐயர் பீடத்துக்கு முன்னால் நின்று வாசிப்பார், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், தடை ஏதாவது அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்றும் கேட்பார், பேர் காதில் விழுந்ததும் சபை முழுக்க ஒரே திரும்பலாகத் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்க்கும், வழக்கமாக அந்தப் பெண்ணுக்கு இருபத்திமூன்றோ இருபத்திநாலோ இருக்கும், குனிந்துகொள்வாள், அத்தைக்கு நாற்பத்தெட்டு. முதல் ஓலைக்கு இருக்கிற நெற்றியோடு போவாள், ரெண்டாவது ஓலைக்குப் பாதி நெற்றி, மூணாவதுக்குத்தான் டாக்டரம்மா நெற்றி, தவணை முறையில், என்று நினைத்ததும் மறுபடி சிரிப்பு வந்தது, அத்தையிடம் சொன்னால் அவளும் சிரிப்பாள், சொல்லவில்லை.

சொல்லாமல் வைத்திருப்பது அது ஒன்றுதானா. பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டிவிட்டது, காற்று சூடாக முகத்தில் அடித்தது, நாலு நாளைக்கு முன்னால் சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டே, இவள் முகத்தைப் பார்க்காமல் அத்தை சொன்னாள், சனிக்கிழமை சாயங்காலம் ஐயரைப் பாத்து உறுதி சொல்லணும், அதுக்குள்ள நீ ஒரு வார்த்தை சொல்லணும் மக்கா, நீ வேண்டாம்னா வேண்டாம், நிறுத்திருவேன். இதோ சனிக்கிழமை, மத்தியானமும் கழிந்துவிட்டது, ஊர் போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவி, முகம் தேய்க்காமல் கழுவி, நேரே ஐயர் பங்களாவுக்குப் போக வேண்டும், அந்த ஒரு வார்த்தை இன்னும் வந்தபாடில்லை. எடுத்த எடுப்பில் பெர்சிஸுக்குக் கோபம்தான் வந்தது, நாற்பத்தெட்டு வயது மனுஷி, ஒரு ஹாஸ்டலையே கட்டி மேய்க்கிறவள், நூறு பிள்ளைகளுக்குச் சோறும் கட்டுப்பாடும் போடுகிறவள், தன் கல்யாணத்துக்கு இருபத்திரண்டு வயதுக்காரியிடம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும், அப்பனிடம் கேட்டு அண்ணனிடம் கேட்டு இப்போது அண்ணன் மகளிடம் கேட்பதா, இந்தக் கேட்கிற பழக்கம்தானே பெண்களைக் கெடுத்தது, என்று வாயில் வந்தது, நியாயமான வாதம், கைதட்டு விழுந்திருக்கும், அப்படியே சொல்லியிருந்தால் அதுவே சம்மதமும் ஆகியிருக்கும், அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது, அன்று ராத்திரியே அத்தை ஊசி விஷயத்தைச் சொன்னாளோ இல்லையோ, பெர்சிஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், நாலு நாளும் ஊசி, ஊசி, ஊசி, காலையில் ஊசி, பல் தேய்க்கும்போது ஊசி, பெண்ணின் முகத்தை யார் பொருளாக்கினார்கள், ஆம்பிளைக்கு நரைத்தால் கம்பீரம் பொம்பிளைக்குச் சுருங்கினால் கிழடா, எல்லாம் உண்மை, ஒன்றும் பொய்யில்லை, ஆனால் உண்மையைக்கூட ஒரு மேஜை மாதிரி கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியாமலா இருந்தது.

அத்தை மறுபடி முறைத்தாள், ஜன்னலுக்கு வெளியே ஒரு வாழைத்தோப்பை முறைத்தாள், ரெண்டு புருவத்துக்கும் நடுவே அந்த நெட்டைக் கோடு விழுந்தது, அதன் ரெண்டு பக்கமும் ஊசி ஏறின இடத்தில் கடுகு கடுகாகச் சிவப்பு. அந்தக் கோட்டை வைத்துத்தான் ஹாஸ்டல் பிள்ளைகள் அத்தைக்குச் சுருக்குப்பை என்று பேர் வைத்திருந்தன, வாசலில் மேட்ரன் செருப்புச் சத்தம் கேட்டால் "சுருக்குப்பை வருது, சுருக்குப்பை வருது" என்று ரேடியோவை அணைத்துவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடும், பெர்சிஸ் அதைக் கேட்டு ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கடித்து வைத்திருக்கிறாள், அப்போது இவளுக்கு ஆறு வயசு, அம்மாவும் அப்பாவும் மஸ்கட்டுக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது, அம்மாவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அப்பாவுக்கு அதே ஊரில் ஏதோ கம்பெனி, பிள்ளையை எப்சிபா பார்த்துக்கொள்வாள் என்று யாரும் கேட்காமலே முடிவாகிவிட்டது, எப்சிபா பார்த்துக்கொண்டாள், காய்ச்சல் வந்தால் அந்தக் கோடு ஆழமாகும், பரீட்சைத் தாளைப் பார்க்கும்போது ஆழமாகும், பெரிய மனுஷி ஆன அன்றைக்கு இவள் பயந்து அழுதபோது அந்தக் கோடு வந்தது, உடனே அழிந்தது, அழிந்ததைப் பார்த்துத்தான் இது பயப்படுகிற விஷயம் இல்லை போலிருக்கிறது என்று தெரிந்தது, ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, ஆராதனையில் நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அங்கிருந்தே ஒரு சுருக்கு, இவள் பேச்சு நின்றுவிடும், அதையல்லவா அந்தப் பீங்கான் தட்டு அழிக்கப் பார்க்கிறாள், அது என் கோடு, நான் போட்டது, வாய்க்காலுக்குச் சொல்லாமல் குளிக்கப் போய் இருட்டினபிறகு திரும்பி வந்தேனே, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளே அத்தை, அன்றைக்கு விழுந்தது, என்று நினைத்துக்கொண்டு வந்தவள், அடக்க முடியாமல் அதை வாய்விட்டும் சொல்லிவிட்டாள். "அத்தை, அந்த நடுக்கோடு நான் வாய்க்காலுக்குப் போன அன்னிக்கு விழுந்ததுதான?" அத்தை புருவத்தைத் தூக்கினபடியே யோசித்தாள். "அதுவா. இல்லட்டி. அது கண்ணாடி பவர் ஏறினது தெரியாம மூணு வருசம் இடுக்கி இடுக்கிப் பாத்தேம்லா, அதுல விழுந்தது." முறுக்கு டின் அம்மாள், "எனக்கும் அப்படித்தான், கண்ணுல புரை" என்று ஆதரவாகச் சொன்னாள்.

செய்துங்கநல்லூர் தாண்டினதும் அத்தைக்குக் கண் சொக்க ஆரம்பித்தது, பஸ் ஏறினால் தூங்குவது அவள் குணம், இவள் தோளில் தலையைச் சாய்த்தாள் என்றால் ஊர் வந்து எழுப்பினால்தான் உண்டு, ஆனால் இன்றைக்குத் தலை சாயக் கூடாது, படுக்கக் கூடாது, குனியக் கூடாது, சாயங்காலம் வரை நிமிர்ந்தே இருக்க வேண்டும், மருந்து இறங்கக் கூடாத இடத்துக்கு இறங்கிவிட்டால் கண் இமை தொங்கிப்போகும் என்று அதையும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள், ரெண்டாம் ஓலை வாசிக்கும்போது ஒரு கண் தொங்கினால் நன்றாகவா இருக்கும், எழுப்ப வேண்டும், அத்தையை எழுப்ப ஒரே வழி சண்டைதான். "இவ்வளவு பாடுபட்டு நாளைக்குத் தெரியப்போறதில்ல, வீணாத்தான போச்சு" என்று ஆரம்பித்தாள். அத்தைக்குக் கண் திறந்துகொண்டது. "வீணா என்ன, ரெண்டாம் ஓலைக்குத் தெரியும்." "யாருக்காக அத்தை? அவருக்காகவா? அவரு உங்க நெத்திய அளந்து பாத்தா கட்டுதாரு?" "அவியளா? அவிய கண்ணாடியக் கழத்திட்டா என் நெத்தியும் தெரியாது, நானும் தெரியமாட்டேன்." "பெறகு யாருக்கு? சபைக்கா? சபைக்காக எதுக்கு நாம மூஞ்சிய—" "ஏட்டி, கத்தாத. பஸ்ஸு." அத்தை வெளியே பார்த்து ஒரு தடவை முறைத்து, ஒரு தடவை தூக்கி, கணக்கை முடித்துவிட்டுச் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள். "ஓலையில என் பேரு விழுந்ததும் எல்லாரும் திரும்புவாவ. திரும்பி, ஐயோ பாவம், இப்பமாவது ஒண்ணு அமஞ்சுதேன்னு பாப்பாவ பாரு, அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். இத்தன வருசத்துல என்னையப் பாத்து ஒருத்தியும் பொறாமப்பட்டதில்ல பெர்சி. ஒரு ஞாயித்துக்கிழமையாவது படட்டுமே." பெர்சிஸிடம் பதில் இருந்தது, பதில் எப்போதும் இருக்கும், பொறாமையும் அதே சங்கிலியில் ஒரு கண்ணிதான் என்று தொடங்கி அரை மணி நேரம் பேசலாம், தொடங்கவும் செய்தாள், முதல் சொல் நாக்கில் கிடந்து கரைந்துவிட்டது, ஏன் கரைந்தது என்று தெரியவில்லை, அத்தையைப் பார்த்து யாராவது பொறாமைப்பட வேண்டும் என்ற ஆசை தனக்கே எப்போதோ இருந்ததுபோலவும், அதற்கு அந்தப் பேர் வைக்கத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கடித்ததுபோலவும் இருந்தது.

"நாலு நாளா ஊசியிலயே நிக்க" என்றாள் அத்தை. "அவியளப் பத்தி ஒண்ணாவது கேட்டியா?" கேட்கவில்லை. அருமைநாயகம் என்று ஒருவர் இருக்கிறார், தூத்துக்குடியில் உப்பளத்து ஆபீசில் வேலை, மனைவி இறந்து ஏழெட்டு வருஷம், மகன் பெங்களூரில், கிறிஸ்மஸுக்கு ரெண்டு மூன்று சபைகள் சேர்ந்து பாட்டுப் பயிற்சி செய்தபோது பழக்கம், இவ்வளவும் இவளாகப் பொறுக்கிக்கொண்டது, ஆபீசில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி மனசில் ஒட்டி வைத்திருக்கிறாள், அதற்குமேல் ஒரு மனுஷனாக அவரை உள்ளே விட்டதில்லை, விட்டால் உட்கார்ந்துவிடுவார். "சரி, கேக்கேன். உங்களுக்கு அவர எதுக்குப் பிடிச்சுது?" அத்தை புருவம் தானாகத் தூக்கிக்கொண்டது, இது பயிற்சி இல்லை. "நல்லாப் பாடுவாவன்னு நெனச்சேன். பாடத் தெரியாது கேட்டியா. கட்டைக் குரல்காரங்க வரிசையில நின்னுக்கிட்டு வாயை மட்டும் அசைச்சிருக்காவ, ரெண்டு மாசமா. நான் கண்டுபிடிச்சுட்டேன். ஏன் இப்படின்னு கேட்டேன். வீட்ல இருந்தா பேச ஆள் இல்ல, இங்க வந்தா எடைவேளையில டீ குடிக்கும்போது நாலு பேர் பேசுதாங்க, அதான் வாரேன்னு சொன்னாவ. யார்ட்டயும் சொல்லிராதீங்கன்னாவ. நான் இன்னி வரைக்கும் சொல்லல, ஒன்ட்டதான் சொல்லுதேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், நெற்றி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சிரிப்பு ஓடிற்று. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷர் பெர்சிஸின் கண்ணுக்குள் வந்து நின்றார், போ என்று சொல்ல முடியவில்லை, ஆனால் உட்காருங்கள் என்றும் வரவில்லை. "நான் வேண்டாம்னா நிறுத்திருவீங்களா, மெய்யாவே?" "நிறுத்திருவேன்." "என் மேல கோவப்பட மாட்டீங்களா?" "படுவேன். சாகுற வரைக்கும் படுவேன்" என்றாள் அத்தை, முறைக்காமலே. "ஆனா நிறுத்திருவேன்."

பொய் சொல்கிறாளோ என்று பார்த்தாள், இல்லை, அத்தைக்குப் பொய் வராது, நிறுத்திவிடுவாள், சாயங்காலம் பங்களாவுக்குப் போய் ஐயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து இட்லிக்கு ஆட்டுவாள், ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதுவும் மாறாது, அதே ரெண்டு அறை, அதே மேட்ரன் குவார்ட்டர்ஸ், யுனிவர்சிட்டி விட்டு வந்து பையை வீசினால் "செருப்பக் கழத்துட்டி" என்கிற அதே குரல், இல்லையென்றால் சித்திரை பிறந்ததும் தூத்துக்குடி, அத்தையின் மிக்ஸி, அத்தையின் தையல் மிஷின், அத்தையின் வேதாகமம் எல்லாம் ஒரு வேனில் ஏறும், இவள் யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்குப் போவாள், அங்கே வேறு ஒரு மேட்ரன், காய்ச்சல் வந்தால் மாத்திரையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிற மேட்ரன், பட்டிமன்றத்தில் ஜெயித்துவிட்டு யாரிடம் ஓடி வந்து சொல்வது, தோற்றுவிட்டு யாரிடம், இருபத்திரண்டு வயதில் இப்படி நினைக்க வெட்கமாக இல்லையா, இருந்தது, வெட்கம் இருந்தாலும் பயம் போகவில்லை, ரெண்டும் ஒரே பாயில் படுத்துக் கிடந்தன, பெண்ணுக்கு அவள் வாழ்க்கையின் மேல் உரிமை உண்டு என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு மேடையிலும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினவள் இந்த அத்தைதான், அப்போதெல்லாம் அத்தையையும் பெண் என்ற கணக்கில் சேர்த்தாளா, அத்தை என்றால் அத்தை, வீடு என்றால் வீடு என்கிற மாதிரி, வீட்டுக்குக் கல்யாணம் ஆகும் என்று யார் நினைப்பார்கள், பஸ் கருங்குளத்தில் நின்றது, முறுக்கு டின் அம்மாள் இறங்கும்போது "போய்ட்டு வாரேன் தாயி, கண்ணை டாக்டர்ட்ட காட்டு" என்றாள், காற்றில்லாமல் வேர்த்தது, பஸ் கிளம்பியதும் காற்று வந்தது.

திரும்பினால் அத்தை தூங்கியிருந்தாள். தலை மெல்ல இவள் பக்கம் சரிய ஆரம்பித்திருந்தது, எழுப்ப வாய் திறந்தவள் எழுப்பவில்லை, விடிய எழுந்து ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டல்லவா வந்தாள், ஒரு கையைப் பின்னங்கழுத்தில் கொடுத்தாள், இன்னொரு கையைத் தாடைக்குக் கீழே கொடுத்தாள், நெற்றியில் படாமல், குடத்தைத் தளும்பாமல் பிடிக்கிற மாதிரி நேராகப் பிடித்துக்கொண்டாள், பஸ் குலுங்கும்போதெல்லாம் இவள் கைகள் அந்தக் குலுக்கலை வாங்கிக்கொண்டன, இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அத்தையின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை, மூக்குக்குப் பக்கத்தில் ஒரு அம்மைத் தழும்பு, இத்தனை வருஷத்தில் தெரியாதது, காதோரம் நரை, சாயம் பூசாத நரை, அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை பார், தூக்கத்தில் உதடு கொஞ்சம் பிரிந்திருந்தது, இது யார் முகம், மேட்ரன் முகம் இல்லை, அத்தை முகம்கூட இல்லை, கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவாகவும் இல்லாத ஒருத்தியின் முகம், அவளுக்கு எப்சிபா என்று பேர், டீ குடிக்கிற இடைவேளையில் யாரோ ஒருவர் சொன்ன ரகசியத்தை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தவள், கை கடுத்தது, தோள் வரை கடுத்தது, விடவில்லை, ஸ்ரீவைகுண்டத்துப் பாலம் வந்தது, கீழே ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது, டிரைவர் எதற்கோ பிரேக்கை அழுத்தினார், அத்தை திடுக்கிட்டு விழித்தாள்.

"தூங்கிட்டேனா? ஏட்டி, தலை சாஞ்சுட்டா?"

"சாயல. பிடிச்சிருந்தேன்."

"எழுப்ப வேண்டியதுதான?"

பெர்சிஸ் கைகளை உதறிக்கொண்டாள். ரத்தம் விரல் நுனிக்கு முள் முள்ளாகத் திரும்பிற்று. "நாளைக்கு அந்த வெள்ளச் சேலையக் கட்டாதீங்க அத்தை" என்றாள்.

கல்யாணமாகாத பெண்கள் வயது ஏற ஏற அவர்கள் சபையில் தாமாகவே வெள்ளைக்கு வந்துவிடுவார்கள், யாரும் சொல்வதில்லை, அத்தையும் ஒரு ஈஸ்டருக்கு அப்படித்தான் வந்தாள், வந்ததை யாரும் கவனிக்கவில்லை, பெர்சிஸும்தான்.

"பின்ன எதக் கட்ட?"

"அரக்குல அம்மா மஸ்கட்லேர்ந்து வரும்போது ஒரு பட்டு எடுத்துக் குடுத்தாங்கள்ல. பிரிக்காம வச்சிருக்கீங்களே, அது. பங்களாவுக்குப் போயிட்டு வந்து நான் இஸ்திரி போடுதேன்."

அத்தையின் முகம் மொத்தமாகக் குலைந்தது. புருவம், நெற்றி, கண்ணோரம், உதடு, எது எங்கே போக வேண்டுமோ அங்கெல்லாம் போயிற்று, அத்தனை கோடும் ஒரே சமயத்தில் வந்து நின்றது, முந்தானையால் துடைக்கப் போனவளின் கையைப் பெர்சிஸ் எட்டிப் பிடித்தாள், தேய்க்கக் கூடாது, அத்தை கண்ணீரை அது பாட்டுக்கு வழிய விட்டுக்கொண்டு, நிமிர்ந்து, நேராக உட்கார்ந்திருந்தாள்.

"அரக்கா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஐயரம்மா பாத்தா என்ன சொல்லுவாவளோ."

"சொல்லட்டும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

"ஏட்டி, கோயிலுக்குள்ள வச்சு வாயைத் தொறந்துராத."

"வெளிய வரட்டும்" என்றாள் பெர்சிஸ்.